இரண்டாவது ஊதல்

ஏழு மணி ஷிப்டுக்கு ஆறரைக்கே பெண்கள் உடை மாற்றும் அறை நிரம்பிவிட்டது. அந்த பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு மட்டும் அறுபது பெண்கள். அறையில் இருந்த பெஞ்சுகளோ மூன்று. ஒருத்தி முதுகில் ஒருத்தி இடித்துக்கொண்டு, வெள்ளை மேலங்கியை மாட்டி, தலைமுடியை வலைக்குள் திணித்து, தோட்டையும் மோதிரத்தையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, சுவரில் பொருத்தியிருந்த கருவியை நோக்கி வரிசையில் நகர்ந்தார்கள். தின்னும் பண்டம் செய்கிற இடம். கையில் காதில் எதுவும் இருக்கக் கூடாது.

மூத்தவளின் முறை வந்தது. பையிலிருந்து ஒரு கைப்பட்டையை எடுத்துக் கருவியின் பள்ளத்தில் வைத்தாள். புதுக் குழாய் ஒன்றைச் செருகி, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் ஊதினாள். நானூற்றுப் பன்னிரண்டு. பச்சை விளக்கு எரிந்தது. பட்டையை ஆணியில் மாட்டினாள். பிறகு அதே பையிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்துப் பள்ளத்தில் வைத்தாள்.

"என்ன சங்கக்கா, ரெண்டு வாயா உங்களுக்கு?" என்றாள் பின்னால் நின்றவள்.

"உனக்கு இருக்கிற ஒரு வாய மூடிக்கிட்டு நில்லுடி."

மூத்தவளின் குரல் பேக்கிங் பெல்ட்டின் இரைச்சலைத் தாண்டி அடுத்த ஹாலுக்கே கேட்கும். அதனால்தான் கம்பெனியில் அவளுக்குச் சங்கு என்று பேர். இரண்டாம் முறை அவள் ஊதியபோது கருவி நானூற்று முப்பத்தெட்டு என்று காட்டியது. அதற்கும் பச்சை. அந்த இரண்டாவது பட்டை, வரிசையில் நாலு பேர் தள்ளி நின்றுகொண்டிருந்த அவளுடைய ஓரகத்தியின் பட்டை. கொழுந்தன் பெண்டாட்டி. இளையவள்.

இளையவள் ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மூத்தவளும் பார்க்கவில்லை. இருவருக்கும் பதினோரு நாளாகப் பேச்சு இல்லை. ஒரு மிக்ஸி மூடி விரிசல் விட்ட விவகாரம். யார் உடைத்தது என்று தொடங்கி, யாருடைய கல்யாணத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்பதுவரை போய்விட்டது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து இரண்டு குடித்தனம். ஆனால் பேச்சு இல்லாவிட்டாலும் ராத்திரி எட்டு மணிக்கு மூத்தவளின் சமையலறை ஜன்னலில் இளையவளின் கைப்பட்டை வந்து உட்கார்ந்துவிடும். மூத்தவள் அதை எடுத்து இடது கையில் கட்டிக்கொள்வாள். தன்னுடையதை வலது கையில். அப்படியே தூங்கி எழுந்து, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் கருவி வந்தது. மாவுத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு இழுப்பு வருவது அந்தக் கம்பெனிக்குப் புதிதில்லை. ஷிப்டு நடுவில் ஆள் சரிந்தால் பெல்ட் நிற்கிறது. அதுதான் மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். கருவி செய்த கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினாள்.

"ஆஸ்துமா வந்தப்புறம் ஓடுறது இல்லம்மா. வரப்போறத ரெண்டு நாள் முன்னாடியே இது சொல்லிடும். வெளியில குளிர் எவ்வளவு, காத்துல புகை எவ்வளவு, உள்ள மாவுத் தூசி எவ்வளவு, ராத்திரி இந்தக் கைப்பட்டையக் கட்டிக்கிட்டு படுக்கும்போது எத்தனை தடவ இருமுனீங்க, நல்லா தூங்குனீங்களா, காலைல எவ்வளவு வேகமா ஊதுறீங்க, எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து சொல்லும். பச்சைன்னா பயமில்ல. மஞ்சள்னா ஜாக்கிரதை. சிவப்புன்னா வேலைக்குப் போகக் கூடாது, வீட்ல ரெஸ்ட்."

"எங்க வீட்டுக்காரர் எப்ப வருவாருன்னு சொல்லுமாம்மா?" என்று பின் வரிசையிலிருந்து மூத்தவள் கேட்டாள். கேன்டீனே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். அன்றிலிருந்து கருவிக்கு ஜோசியர் என்று பேர் வந்துவிட்டது.

ஜோசியர் கெட்டிக்காரர். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் வாரத்திலேயே ஒரு செவ்வாய்க்கிழமை இளையவளுக்குச் சிவப்பு எரிந்தது. "எனக்கு ஒண்ணுமே இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்று சூப்பர்வைசரிடம் மன்றாடினாள். அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி இறங்க, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி நெஞ்சு விசிலடித்தது. மூத்தவள்தான் இன்ஹேலரைத் தேடி எடுத்து வாயில் வைத்தாள். சொன்னது சொன்னபடி நடந்துவிட்டதே என்று அன்றைக்கு அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் ரெஸ்ட் என்று அந்தப் பெண் சொன்ன வார்த்தைக்குச் சம்பளம் இல்லை. சிவப்பு எரிந்த நாளுக்குக் கூலி கிடையாது. மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால், உடல் தேறும்வரை ஓய்வு என்று ஒரு காகிதம் தருவார்கள். அப்படிக் காகிதம் வாங்கிப் போன ஐந்து பேரில் ஒருத்தியாவது திரும்பி வந்ததாக யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் புருஷன்மாரான அண்ணன் தம்பி இரண்டு பேரும் லாரி டிரைவர்கள். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். தம்பிக்காரன் பணம் அனுப்புவது அவனுக்கு ஞாபகம் வருவதைப் பொறுத்தது. இரண்டாவது சிவப்பு விழுந்த வாரம் இளையவளின் இரண்டு பெண் குழந்தைகளும் மூத்தவளின் தட்டில்தான் சாப்பிட்டன. மூன்றாவது விழுந்தால் என்ன ஆகும் என்று மூத்தவளுக்குத் தெரியும். மறுநாள் காலை உடை மாற்றும் அறையில் கையை நீட்டினாள்.

"குடு இங்க."

"எதை?"

"பட்டையத்தான். பேசாம குடு. நீ ஊதிக் கிழிச்சது போதும்."

"கண்டுபிடிச்சிட்டா ரெண்டு பேருக்கும் போயிடும்க்கா."

"உனக்குப் போனாலே எனக்குப் போன மாதிரிதான். உன் புள்ளைங்களுக்கு வடிச்சுக் கொட்ட என்னால முடியாது."

வாயில் அப்படித்தான் வரும். மனசில் வேறு. அந்த ஆணி, வரிசை, பெஞ்சு எல்லாம் பெண்கள் மட்டும் இருக்கிற இடம். பார்த்த அறுபது பேரில் ஒருத்தியும் வெளியே மூச்சு விடவில்லை. அவர்களிலும் சிலருக்கு அடுத்தவள் ஊதிக்கொண்டுதான் இருந்தாள்.

பேச்சு நின்ற பதினோராம் நாளான அன்று காலை, பெல்ட் ஓடத் தொடங்கும் முன்னால் நோட்டீஸ் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். மாவு ரூமுக்கு ஆள் போடுகிற பட்டியல்.

மாவு ரூமுக்கு முன்பெல்லாம் முறை வைத்துத்தான் போவார்கள். ஒரு வாரத்துக்கு இரண்டு பேர், எல்லாருக்கும் வரும். போனவர்கள் வாரம் முடிந்து தும்மிக்கொண்டு வருவார்கள், அடுத்த இரண்டு பேர் போவார்கள். இனிமேல் முறை கிடையாது என்று பட்டியலின் மேலே எழுதியிருந்தது. மூச்சுத் திறன் அதிகம் உள்ளவர்கள் நிரந்தரமாக அங்கே போக வேண்டும். தொழிலாளர் நலன் கருதி இந்த ஏற்பாடு.

முதல் எண் இருநூற்றுப் பதினாலு. இளையவளின் எண்.

பார்த்தவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அடியே, கம்பெனிலயே பெரிய நுரையீரல் உன்னுதுதான்டி!" என்று யாரோ அவள் முதுகில் தட்டினார்கள். தட்டிய கை அப்படியே நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது.

மூத்தவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. தன் எண் எங்கே என்று தேடினாள். ஆறாவது இடத்தில் இருந்தது. ஊதினது எல்லாம் ஒரே ஆள். பிறகு எப்படி அவள் முதலாவது, நான் ஆறாவது? நின்று யோசித்தாள். முதல் ஊதல் தனக்கு, தூக்கக் கலக்கத்தோடு, கடமைக்கு. இரண்டாவது அவளுக்கு. நெஞ்சு அதற்குள் சூடாகியிருக்கும். போதாக்குறைக்கு, சிவப்பு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கி ஊதியிருக்கிறாள். மூன்று மாதமாக ஒரு நாள் தவறாமல் தன் மூச்சில் நல்லதை எல்லாம் அவள் பேரில் எழுதிவைத்திருக்கிறாள்.

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தண்ணீர்க் குழாயடியில் இளையவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"போகாத. வயித்து வலின்னு சொல்லு."

பதினோரு நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. இளையவள் முகத்தைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"பச்சையில இருக்கிறவ வரமாட்டேன்னு சொன்னா வேலைய விட்டு நின்னுட்டதா எழுதிடுவாங்க. போன மாசம் ஒருத்திக்கு எழுதலையா?"

"உள்ள போனா ஒரு நாள் தாங்க மாட்ட."

"அப்ப உண்மையச் சொல்லிடலாமா? சொல்லுங்க, இப்பவே போவோம்."

மூத்தவள் அவளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். சூப்பர்வைசரிடம் ஓடினாள். அவர் கையில் எப்போதும் ஒரு டேப்லெட் இருக்கும். யார் என்ன கேட்டாலும் அதைப் பார்த்துத்தான் பேசுவார்.

"சார், அவளுக்குப் பதிலா நான் மாவு ரூமுக்குப் போறேன்."

"ஏம்மா?"

"எனக்கு அந்த வேலை பிடிக்கும் சார்."

"மாவு ரூம் பிடிக்கும்னு சொல்ற முதல் ஆள் நீதாம்மா." விரலால் திரையைத் தள்ளிப் பார்த்தார். "உன் நம்பர் அவளவிட இருபத்தாறு கம்மி. நான் மாத்திவிட்டு, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்ப்யூட்டர் என்னத்தான் கேக்கும். உனக்கு நல்லதுதானம்மா சொல்றேன்."

இளையவள் மாவு ரூமுக்குப் போனாள்.

அது ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் கூரை உயரத்துக்கு மாவு மூட்டைகள். மூட்டையை இழுத்து மேடையில் ஏற்றி, தையலை அறுத்து, பெரிய சல்லடையின் வாயில் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்த உடனே வெள்ளைப் புகை ஒன்று எழுந்து முகத்தில் அறையும். காலிச் சாக்கை உதறி மடிக்க வேண்டும். அந்த உதறலில்தான் தூசி அதிகம். துணி முகமூடி ஒரு மணி நேரத்தில் ஈரமாகி மாவு ஒட்டிப் பிசைந்த மாதிரி ஆகிவிடும். ஒரு ஷிப்டுக்கு நூற்றிருபது மூட்டை. தூசியை அளக்கிற காற்றுப் பெட்டி ஒன்றை ஜோசியரோடு சேர்த்து அங்கே மாட்டியிருந்தார்கள். மூன்று நாளில் மாவு அடைத்து அது நின்றுபோனது. துடைத்துத் துடைத்துப் பார்த்த மெஷின் பிட்டர், கடைசியில் அதைக் கழற்றி வெளியே வராந்தாவில் மாட்டிவிட்டான். அங்கே அது அடைத்துக்கொள்ளாமல் நன்றாக வேலை செய்தது.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தார்கள். மிக்ஸி மூடியைப் பற்றி யாரும் பேசவில்லை. இளையவள் நாளைக்கே தானாக ஊதினால் நானூற்று முப்பத்தெட்டு இருநூறாக இறங்கும். எந்த முட்டாளும் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மூத்தவள்தான் இறக்க வேண்டும்.

"மெதுவா ஊதுனா இறங்கிடப் போகுது. இதென்ன பெரிய வித்தை" என்றாள் மூத்தவள்.

மறுநாள் காலை மெதுவாக ஊதினாள். சரியாக ஊதவில்லை, மீண்டும் ஊதவும் என்றது கருவி. இன்னும் மெதுவாக ஊதினாள். சரியாக ஊதவில்லை, மீண்டும் ஊதவும். வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது.

"பாதி மூச்ச முன்னாடியே விட்டுட்டு, மிச்சத்த வேகமா ஊதுங்கக்கா. அப்பத்தான் ஏத்துக்கும்" என்று பின்னால் நின்றவள் காதோடு சொன்னாள். அவள் அதை எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று மூத்தவள் கேட்கவில்லை. அப்படியே செய்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு. விளக்கு பச்சை.

ஜோசியர் ஏழு நாள் ஊதலைச் சேர்த்துச் சராசரி பார்த்துத்தான் நிறத்தை மாற்றுவார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் முந்நூற்று ஐம்பது. பச்சை. மூன்றாம் நாள் முந்நூற்றுப் பத்து. பச்சை. ராத்திரி இளையவளின் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தவள் வேண்டுமென்றே எழுந்து எழுந்து இருமிப் பார்த்தாள். அதற்கும் பச்சை. நன்றாக இருக்கிறவளை நோயாளி என்று நம்பவைப்பது, நோயாளியை நன்றாக இருக்கிறாள் என்று நம்பவைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் பல்லக் கடிச்சிக்கோடி" என்றாள் மூத்தவள்.

"சரிக்கா." இளையவள் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "சாக்க உதறும்போது, மூச்ச அடக்கிக்கிறேன்."

நாலாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, பிட்டர் பேக்கிங் ஹாலுக்குள் ஓடிவந்தான்.

"சங்கக்கா! உங்க வீட்டுப் பொண்ணு விழுந்துடுச்சு!"

மூத்தவள் அட்டைப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மாவு ரூமில் இளையவள் காலி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்து திறந்து மூடினாள். விசில் சத்தம்கூட வரவில்லை. அது வராததுதான் மூத்தவளைக் குலைநடுங்க வைத்தது. வெள்ளை முகத்தில் உதடு மட்டும் நீலம் பாரித்திருந்தது. சொந்தப் பொருள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் இன்ஹேலர் உடை மாற்றும் அறையில் இருந்தது. மூத்தவள் ஓடிப்போய் எடுத்து வந்து இரண்டு தடவை அடித்தாள். மருந்து வாயிலேயே நின்றது. இழுக்க மூச்சு இல்லை.

சூப்பர்வைசர் டேப்லெட்டோடு வந்து சேர்ந்தார்.

"சார், வண்டியக் கூப்பிடுங்க சார்!"

"இரும்மா, பார்க்கிறேன்." திரையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "பச்சைதான் காட்டுது. காத்தும் பச்சைதான். இது ஆஸ்துமா இல்லம்மா. சாப்பிடாம வந்திருக்கும், கேஸா இருக்கும். தண்ணி குடு."

"சார், உதட்டப் பாருங்க சார்!"

"பச்சையில இருக்கிறவங்களுக்கு அவசர வண்டி கூப்பிட எனக்கு அனுமதி இல்லம்மா. பட்டனே வேலை செய்யாது. நான் என்ன பண்ணட்டும்?" அவர் பொய் சொல்லவில்லை. பட்டனை அழுத்தி அழுத்திக் காட்டினார்.

இளையவளின் கண் மேலே செருகியது. மூத்தவளுக்கு அப்போது வேலை ஞாபகம் வந்தது. இரண்டு வீட்டு அடுப்பும் ஞாபகம் வந்தது. வந்ததெல்லாம் ஒரு கணம்தான்.

"அந்தப் பச்சை அவளுது இல்ல சார்! என்னுது! மூணு மாசமா அவளுக்கு நான்தான் ஊதுறேன்! அவ மூச்சு எவ்வளவுன்னு உங்க பெட்டிக்குத் தெரியவே தெரியாது! கூப்பிடுங்க வண்டிய!"

பேக்கிங் ஹால்வரை கேட்டது. பெல்ட்டை யாரோ நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"என்னம்மா சொல்ற?"

"சொல்றதச் சொல்லிட்டேன். அவ செத்தா உங்களச் சும்மா விடமாட்டேன்."

நிறத்தைக் கையால் மாற்றுவதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று திரை கேட்டது. அவர் நின்றபடியே ஒற்றை விரலால் எழுதினார். தொழிலாளி தவறான தகவல் கொடுத்துள்ளார். அப்புறம்தான் சிவப்பு எரிந்தது. பட்டன் வேலை செய்தது. பதினெட்டு நிமிடத்தில் வண்டி வந்தது.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, நெபுலைசர் வைத்து, இரண்டு நாள் ஆக்சிஜனில் வைத்திருந்தார்கள். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை மூத்தவள் யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்க்கைக் கழற்றியதும் இளையவள் முதலில் பேசியது இதுதான்.

"அந்த மூடிய, நான் உடைக்கலக்கா."

"நான்தான் உடைச்சேன். போதுமா? பேசாத, மூச்ச மிச்சம் பிடி."

இளையவள் சிரிக்கப் பார்த்து இருமினாள். இருமி ஓய்ந்ததும் கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா, ஆபீஸ்ல?"

"ஆபீஸ்ல எங்கடி சொன்னேன். ஊருக்கே கேட்டுச்சாம்."

"அப்ப ரெண்டு பேருக்கும் போச்சு."

"போனா போகுது போ." வீராப்பாகச் சொல்லிவிட்டாள். சொன்னபிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரிக்குப் போன இரண்டு பேருக்கும் போன் அடித்தால் எடுக்கவில்லை. இனி இரண்டு அடுப்பில் ஒன்றுகூட எரியுமா என்று பயமாக இருந்தது.

அடுத்த வாரம் எச்.ஆர். மேடம் அவளைக் கூப்பிட்டார். கண்ணாடி அறை. உள்ளே ஏ.சி. ஓடியது. மேடம் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து முன்னால் வைத்தார். கத்தப்போகிறார் என்று நினைத்து வந்தவளுக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது.

"உங்க தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?"

"ஓரகத்தி மேடம். தேறிட்டா."

"சந்தோஷம். அவங்களுக்கு வேலை நீக்க உத்தரவு தபால்ல வரும். தப்பான தகவல் குடுத்ததுக்காக."

"ஆஸ்பத்திரிச் செலவு?"

"பச்சை நாள்ல வந்த நோய்க்குக் கம்பெனி பொறுப்பு எடுத்துக்காதும்மா. விதி அப்படி."

"அந்தப் பச்சை பொய்யின்னு நானே சொன்னேனே மேடம்."

"ஆமா. அதத்தான் உத்தரவுல சாட்சியா சேர்த்திருக்கோம்."

மூத்தவள் தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவைத்தாள். "மாவு ரூம் காத்துப் பெட்டி வராந்தாவுல தொங்குது மேடம். உள்ள இருக்கிற தூசிய அது எப்படிப் பார்க்கும்?"

"அது மெயின்டனன்ஸ் விஷயம். சொல்றேன்." மேடம் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் திரையை மூத்தவளின் பக்கம் திருப்பினார். "இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். உங்களையும் அனுப்பிடுவோம்னு நினைச்சுத்தான வந்தீங்க?"

"ஆமா மேடம்."

"அனுப்பியிருக்கணும். நடவடிக்கைக் கடிதம்கூட ரெடியா இருக்கு." மேசையிலிருந்த ஒரு உறையை விரலால் தொட்டுக் காட்டினார். "ஆனா ரெண்டு பட்டையிலயும் இருந்தது உங்க மூச்சுதான்னு தெரிஞ்சதும், எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. நூத்தைம்பது ஊதல். ராத்திரி இருமலே கிடையாது, அந்தக் கடைசி மூணு நாளத் தவிர. இந்தக் கம்பெனியில உங்க அளவுக்கு யாருக்கும் இல்லம்மா. மாவு ரூமுக்கு நீங்க வர்றதா இருந்தா, இந்த உறைய நான் பீரோவுல வச்சிடுறேன்."

நான் போறேன் சார் என்று அன்றைக்குக் கெஞ்சினபோது மாட்டேன் என்றார்களே என்று மூத்தவளுக்குத் தொண்டைவரை வந்தது. அன்றைக்கே விட்டிருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாளே. இரண்டு பெண் குழந்தைகள் காலையில் தன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. தன் பிள்ளைகள் இரண்டு. மொத்தம் நாலு.

"எவ்வளவு நாளைக்கு மேடம்?"

மேடம் ஒப்பந்தத்தை நகர்த்தினார். ஒரே தாள். டிசம்பர் ஒன்றாம் தேதி தொடக்கம். இரண்டு வருஷம், இரண்டு மாதம்.

"இதென்ன கணக்கு மேடம்? ரெண்டு வருஷம்னு போடுவாங்க, மூணு வருஷம்னு போடுவாங்க. ரெண்டு மாசம் எதுக்கு ஒட்டிக்கிட்டு?"

"ஆளுக்கு ஆள் மாறும்மா. அது சிஸ்டமே போடுறது." மேடம் பேனாவைத் தேடி இழுப்பறையைத் திறந்தார்.

திருப்பிவைத்த திரை மூத்தவளின் முன்னால் அப்படியே இருந்தது. மேலே அவளுடைய எண். அதற்குக் கீழே, மாவு ரூம் என்று எழுதி, வரப்போகிற மாதங்களுக்கு ஒரு கோடு. கோடு நெடுந்தூரம் பச்சையாகப் போய், ஒரு இடத்தில் மஞ்சளாகி, அதற்கப்புறம் சிவப்பாகி முடிந்தது. மஞ்சள் தொடங்குகிற இடத்தில் சின்ன எழுத்தில் ஒரு தேதி. இரண்டு வருஷம் தள்ளி வரும் பிப்ரவரி ஒன்று.

மூத்தவள் குனிந்து காகிதத்தின் கடைசி வரியைப் படித்தாள். ஒப்பந்தம் அதே வருஷம் ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி முடிகிறது என்று இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் படித்தாள்.

"இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடங்களையும் காட்டி, மேடம் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.